மெட்டில் பத்து நிமிடம்

அன்று காலை அந்த அத்தையைப் பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. என் மகளுக்குத் தடுப்பூசி போடும் டாக்டரிடம் ஒருமுறை, வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தேன். "சொல்ல முடியாதும்மா. பொழைச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார். வெளியே வந்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ் நிறுத்தம்வரை நடந்திருக்கிறேன். இடுப்பில் இருந்த மகள்தான் என் காலைப் பார்த்துச் சொன்னாள்.

நான் எழுத வந்தது அத்தையைப் பற்றி அல்ல. வருகிறவர்களை எல்லாம் பத்து நிமிடம் உட்கார வைத்த ஒரு நர்ஸைப் பற்றி. பெயரை எழுதவில்லை. அக்கா என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன்.

கொரோனாவின் இரண்டாம் வருடம் அது. பி.காம். முடித்துவிட்டு, போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் வீட்டோடு இருந்தேன். மலைமேல் கேரள எல்லையான போடிமெட்டில் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் காய்ச்சல் பார்க்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். வருகிறவர்களின் பெயர், ஊர், வண்டி எண், காய்ச்சல் அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற ஓர் ஆள் தேவை என்று என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். கூடாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒப்பந்த நர்ஸாக அக்கா, எழுதுவதற்கு நான்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ராசிங்காபுரம் பக்கம். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். சேலைக்கு மேல் பழுப்பு நிற ஸ்வெட்டர், அதற்குக் கழுத்துவரை பொத்தான். மதியச் சோற்றை நின்றுகொண்டே, சாலையைப் பார்த்தபடி சாப்பிடுவார். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

திங்கட்கிழமை காலையில்தான் கூட்டம். அப்போது தினமும் எல்லை தாண்ட விடுவதில்லை. அனுமதி வாங்கிய ஜீப்புகளில் திங்கள் காலை ஏறி, ஏலக்காய்த் தோட்டத்து லயம் எனும் வரிசை வீடுகளில் தங்கிக் காய் எடுத்துவிட்டு சனிக்கிழமை இறங்குவார்கள். ஒரு ஜீப்புக்குப் பதினான்கு பேர், பெரும்பாலும் பெண்கள். என் அம்மாவும் அப்படி ஒரு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்.

ஜீப் வந்து நின்றதும் அக்கா சொல்வது ஒன்றுதான்.

"எறங்குங்க. உக்காருங்க. பத்து நிமிசம்."

துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டினால் இரண்டு நொடியில் எண் வந்துவிடும். மற்ற சாவடிகளில் அப்படித்தான் நீட்டி நீட்டி அனுப்பினார்கள். அக்கா மாட்டார். படுதாவைச் சுருட்டிக் கட்டிய ஜீப்பில், பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மலைக்காற்று முகத்தில் அறைய வந்தவர்களின் நெற்றி காய்ச்சல் இருந்தாலும் சில்லென்றுதான் இருக்கும். "இந்த மெசினு மெட்டுக் காத்தத்தான் அளக்குது, ஆள அளக்கல" என்பார். அதனால் காற்றுப் புகாமல் தார்ப்பாய் கட்டிய கூடாரத்துக்குள் வரிசையாக பெஞ்சு. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அதற்குப் பிறகுதான் கருவி. அதன் பிறகும் கையுறை போட்ட புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார்.

அரசாங்கம் கொடுத்த படிவத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அக்கா ஸ்கேல் வைத்து அதை இரண்டாகக் கோடு போட்டிருந்தார். உட்கார்ந்த நேரம், பார்த்த நேரம். நோட்டு முழுவதும் அப்படிப் போட்டு வைத்திருந்தார்.

ஜீப் டிரைவர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். "நர்சம்மா, ஒரு டீயும் போட்டுக் குடுத்தீங்கன்னா பத்து நிமிசம் என்ன, பொழுதுக்கும் உக்காந்திருப்போம்" என்றார் ஒருவர்.

"டீ கொண்டா, நானும் குடிக்கிறேன். அதுவரைக்கும் உக்காரு அப்பு."

"நீங்க பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல எங்கள உக்கார வைக்கிறீங்க."

"பாத்துட்டுப் புடிக்கலைன்னு திருப்பி அனுப்பவும் செய்வேன், தெரியும்ல."

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு நொடி எல்லோர் முகமும் மாறியதை நான் பார்த்தேன். ஏனென்றால் திருப்பி அனுப்புவது விளையாட்டு அல்ல. ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் ஜீப் முழுவதும் திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. பதினான்கு பேருக்கும் இரண்டு வாரம் வேலை கிடையாது. பெயர்ப் பட்டியல் கீழே போடிக்குப் போகும். மறுநாள் அவர்கள் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிடுவார்கள். தண்ணீர்க் குடத்தைத் தகரத்துக்கு மேலே தூக்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளோடு தகரம் எடுத்த பிறகும் யாரும் விளையாட மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்கள் காய்ச்சலைவிடத் தகரத்துக்குத்தான் அதிகம் பயந்தன.

அதனால் ஓர் ஏற்பாடு தானாக உருவாகியிருந்தது. ஒவ்வொரு ஜீப்பிலும் டிரைவர் சீட்டுக்கு அடியில் பொதுவாக ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டை இருக்கும். உடம்பு சுடுகிறவர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஈரத்துண்டைத் தலையில் கட்டி, காற்றடிக்கும் ஓரத்து இடத்தில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அந்த இடத்தை விட்டுக் கொடுப்பார்கள். அம்மா சொல்லி எனக்கு இது தெரியும். அக்காவுக்கு யார் சொல்லித் தெரிந்ததோ, அவருக்கும் தெரியும்.

பெஞ்சில் இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்பார். "மாத்திரை போட்டியா ஆத்தா?" இல்லை என்றதும் நகர்ந்துவிட மாட்டார். சற்று நின்று, இன்னும் மெதுவான குரலில் அதையே கேட்பார். "மாத்திரை போட்டியா?" அந்த இரண்டாவது கேள்வியில் பலர் கண் கலங்கிவிடும். "மொத தடவ கேக்கையில ஊருக்காகப் பதில் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவதான் தனக்காகச் சொல்லுவாங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அப்படி இரண்டாவது தடவையில் ஒத்துக்கொண்ட ஒரு பெண் அவருடைய ஊர்க்காரர், ஏதோ ஒரு முறையில் சொந்தமும்கூட. ஜீப் திரும்பியது. ஏறப் போன இன்னொரு பெண் நின்று, சாலையோரத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அக்காமேல் வீசினார். "நீ நல்லா இருப்பியாடி. எங்க பிள்ளைக வயிறு காஞ்சா ஒனக்கு வெளங்குமா?" அக்கா ஸ்வெட்டரைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேனாவை எடுத்து, பார்த்த நேரம் என்ற கட்டத்தில் மணியை எழுதினார். எண்கள் கோணலாக விழுந்தன. அன்று அவர் சாப்பிடவில்லை.

நோயாளியையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையும் மட்டும் நிறுத்தினால் போதும், மற்றவர்களைப் பரிசோதனை செய்து அனுப்பலாம் என்று அவர் மேலே எழுதிய மூன்று கடிதங்களையும் நான்தான் டைப் செய்தேன். பதில் வரவில்லை. பிறகு அதிகாரி ஒருவரே பார்வையிட வந்தார். ஏசி காரில் வந்திருந்தார். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தது. அக்கா அவரிடமும், "ஐயா, உக்காருங்க. பத்து நிமிசம்" என்றார். எல்லோரும் அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார், ஒரு பக்கம் ஜீப் டிரைவர், மறுபக்கம் கூடை வைத்திருந்த ஒரு பாட்டி.

அந்தப் பத்து நிமிடத்தில் அக்கா கேட்டார். "ஐயா, ஒருத்திக்குக் காச்சல்னா மீதிப் பதிமூணு பேரு வயித்துலயும் சேத்து அடிக்கிறோம். அப்புறம் எப்பிடிங்கய்யா உண்மையச் சொல்லுவாங்க?"

"உத்தரவு மேலேர்ந்து வருதும்மா. என் கையில என்ன இருக்கு?"

"மேல இருக்கிறவங்களையும் ஒருநா இந்த பெஞ்சுக்குக் கூட்டிட்டு வாங்க."

அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாகன நெரிசலைத் தவிர்க்க ஓர் ஆளுக்கு முப்பது நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. அக்கா அதைப் படித்து, கோப்பில் குத்தி வைத்துவிட்டு, அடுத்த ஜீப்பை உட்காரச் சொன்னார்.

எனக்கு அவர்மேல் பிரியத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு காலை. பஸ்ஸில் ஏறி வந்ததும் அவரும் தினமும் அந்த பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருவார். பிறகு என்னை அளக்கச் சொல்வார். அன்று நூறு புள்ளி நான்கு காட்டியது. நான் கருவியை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண். "அக்கா, சளியா இருக்கும். நான் தொண்ணூத்தெட்டுன்னு எழுதிக்கிறேன்" என்றேன். அவர் நோட்டை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். ஊர், வயது, இரண்டு நேரம், அளவு. கீழே போன் செய்து வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, கூடாரத்துக்கு வெளியே தனியாகப் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார். அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர்கள் சாமான்களை வெளியே வைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து இளைத்துப் போய்த் திரும்பி வந்தார். வந்த அன்றும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு என்னை அளக்கச் சொன்னார்.

தன்னையே விடாதவர் என் அம்மாவை விடுவாரா? அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மாவின் ஜீப் வரும்வரை கடைசி வளைவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி எழுத வேண்டியது, நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத பகுதி.

ஒரு திங்கட்கிழமை அக்காவைக் கீழே போடியில் அவசரக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். மாற்று ஆள் கேட்டார், அனுப்பவில்லை. கருவியை என்னிடம் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் போனார். "ரெண்டு மணி நேரந்தான். யாரா இருந்தாலும் பத்து நிமிசம். ஒங்கம்மாவா இருந்தாலும்" என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மாவின் ஜீப் தாமதமாக வந்தது. ஓரத்து இடத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அத்தை. நான் பள்ளியில் படித்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவர். தலையில் துண்டு. அது மழையில் நனைந்ததா, நனைத்துக் கட்டியதா? கண்கள் சிவந்திருந்தன. நான் பெஞ்சைக் காட்டினேன். அம்மா இறங்காமலே சொன்னார்.

"வெரசா விடு தாயி. ஏற்கெனவே நேரமாச்சு, கங்காணி திருப்பி அனுப்பிருவான். அடுத்த சனிக்கெழம சம்பளத்த வச்சுத்தான் எல்லாரும் இருக்கோம்."

"அக்கா உக்காரச் சொல்லிருக்காங்கம்மா."

"அவதான் இல்லயே. அரசாங்கமே அரை நிமிசம் போதும்னு சொல்லுதாம்ல, நீ என்ன அரசாங்கத்துக்கு மேலயா?"

அத்தை என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். நான் ஜீப்பில் இருந்தபடியே வரிசையாக நெற்றியில் வைத்தேன். அத்தைக்குத் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. அந்த எண் பொய் என்று அதைப் பார்க்கும்போதே எனக்குத் தெரியும். எழுதினேன். ஜீப் போய்விட்டது.

மதியம் அக்கா வந்து நோட்டைப் புரட்டினார். அந்த ஜீப்புக்கு எதிரே பார்த்த நேரம் மட்டும் இருந்தது, உட்கார்ந்த நேரத்துக் கட்டம் காலி.

"உக்கார வச்சியா?"

"வச்சேன்கா. எழுத மறந்துட்டேன்."

சற்று நின்றார். குரலை இறக்கினார். "உக்கார வச்சியா?"

"வச்சேன்கா."

பேனாவை என் பக்கம் நீட்டினார். "அப்ப நேரத்த எழுது." நான் வாங்கினேன். கை நோட்டின்மேல் போய் நின்றது, எழுதவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனாவைத் திரும்ப வாங்கி, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். போன் எடுத்து அந்தத் தோட்டத்துக் கங்காணியைக் கூப்பிட்டார். அந்த ஜீப்பில் வந்தவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கச் சொன்னார். மறுநாளும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும். "எல்லாரும் நல்லா இருக்காங்க நர்சம்மா, காய் எடுத்துட்டு இருக்காங்க" என்ற பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நான் அதை நம்ப முயன்றேன்.

வெள்ளிக்கிழமை அத்தைக்கு மூச்சு முட்டியது. ஜீப்பில் படுக்க வைத்துத்தான் இறக்கினார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். லயத்தில் பலருக்குக் காய்ச்சல். அம்மாவுக்கும் வந்தது, பிழைத்துக்கொண்டார். எங்கள் தெருவுக்குத் தகரம் அடித்தபோது நான் உள்ளே இருந்தேன். அத்தையின் முகத்தை அவர் மகனுக்குக்கூடக் காட்டவில்லை.

தகரம் எடுத்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் வெற்றுக் கட்டம். விசாரித்தவர், "இந்த ஜீப்பைப் பார்த்தது யார்?" என்றார். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார்.

"நான்தான் சார். மீட்டிங்குக்கு எறங்குற அவசரத்துல உக்கார வைக்கல."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். விசாரித்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா செஞ்சிட்டிருந்த?"

"நான் பேருதான் எழுதுவேன் சார்" என்றேன்.

அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பணியில் கவனக்குறைவு, உயிரிழப்பு என்று அவர் கோப்பில் குறிப்பு எழுதினார்கள். ஜீப் முழுவதையும் திருப்பி அனுப்பும் உத்தரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முப்பது நொடிச் சுற்றறிக்கையையும் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார்? கருவியை என்னிடம் கொடுத்தது தன் தவறு என்று நினைத்தாரா? எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அது தெரியுமா? அந்தத் தெருவில் நானும் அம்மாவும் தொடர்ந்து குடியிருக்க வேண்டுமே என்று யோசித்தாரா? கேட்டதில்லை. அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது, "மழ வருது, பஸ்ச விட்றாத" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் போடி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை என்றார். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். "பிள்ளைக்குக் காச்சலா?" என்றார். "இல்லக்கா" என்றேன். எனக்கே தெரியவில்லை ஏன் சொன்னேன் என்று. அவர் மறுபடி கேட்பதற்குள், "நேத்து இருந்துச்சுக்கா, மருந்து குடுத்துருக்கேன்" என்றேன். பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, மூன்று நாளைக்கு மேல் போனால் ரத்தம் பார்க்கச் சொன்னார். பழையதை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போது நான் ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் டைப் செய்கிறேன். சாவடியில் வேலை பார்த்த சான்றிதழை வைத்துத்தான் இந்த வேலை கிடைத்தது. சென்ற வாரம் ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. கொரோனா காலத்தில் வேலை செய்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு நிரந்தரப் பணியில் முன்னுரிமை. அக்காவின் பெயரும் இருந்தது. எதிரே, "குறிப்பு உள்ளது, பரிசீலிக்க இயலாது." அதை என் விரல்களால்தான் அடித்தேன். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தர இந்த மாத இறுதிவரை நேரம் இருக்கிறது. வயது வரம்பைப் பார்த்தேன். அக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

கடிதம் எழுதிவிட்டேன். "அந்த ஜீப்பைப் பார்த்து அனுப்பியது நான், அவர் அப்போது கூட்டத்தில் இருந்தார், வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கும்." அவ்வளவுதான். கொடுத்தால் என் வேலை போகும். அதோடு நிற்குமா, வழக்கு என்று வருமா, தெரியவில்லை. மகளுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "செத்தவ செத்துட்டா தாயி. அவ மகன் நம்ம வாசல் வழியாத்தான் தெனமும் போறான். இன்னைக்குப் போயி இதச் சொன்னா அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" என்று அழுதார். வேண்டாம் என்று அவர் சொல்வது என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் எங்கள் தெருக்காரர் யாராவது இருந்தால் இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அவர் "வேணாம், விடு" என்பார், எனக்கு நிச்சயம் தெரியும். அந்த "வேணாம்" கிடைத்தால் நான் நிம்மதியாகக் கடிதத்தைக் கிழித்துவிடுவேன். அதற்காகத்தான் கேட்க நினைக்கிறேனோ என்று என்மேலேயே சந்தேகமாக இருக்கிறது. மாத இறுதிக்கு இன்னும் ஒன்பது நாள். சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களே, அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களே, யாராவது சொல்லுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டுமா, கேட்காமலே கொடுத்துவிடட்டுமா?